ஓலையை எடுத்த வருடம்

என் கணவர் அர்ஜுனன் எங்கள் வீட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு என் எதிரே வந்து விழுந்தார். உச்சிவெயில் நேரம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதலில் ஷீட் துண்டுகள் விழுந்தன, பிறகு வெளிச்சம், பிறகு அவர். தலை இரும்புக் கட்டிலின் முனையில் மோதியது. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டைக்கு மேலே பக்கத்து வீட்டு ரவிக்குமாரின் முகம் தெரிந்தது. அவன் கையில் ஹாலோ பிளாக் துண்டு ஒன்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலப் பிடித்திருந்தான்.

இவ்வளவும் ஒரு மானியத்துக்காக நடந்தது.

பொம்மனஹள்ளியில் எங்களுடையது லைன் வீடு. சுவர் தனித்தனி, சிமெண்ட் ஷீட் கூரை ஒன்றே. முதல் வீடு எங்களுடையது. நடுவீட்டில் ஆட்டோ ஓட்டும் ரவிக்குமாரும் அவன் மனைவி தர்ஷினியும் கைக்குழந்தையும். கடைசியில் மெக்கானிக் சில்வெஸ்டர், தனியாள். பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஏப்ரல் மாதத்துப் பகலில் அந்த ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

அர்ஜுனனுக்கு ஒரு டெக் பார்க்கில் நைட் ஷிப்ட் செக்யூரிட்டி வேலை. பகலில்தான் தூங்கியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு கோடையும் தென்னை ஓலை வாங்கிக் கூரைமேல் பரப்பித் தண்ணீர் தெளிப்பார். காற்றில் பறக்காமலிருக்க ஹாலோ பிளாக் துண்டுகளைப் பாரம் வைப்பார். ஷீட்டின் மேல் நினைத்த இடத்தில் நடக்க முடியாது. அடியில் இரும்புப் பைப் ஓடுகிற இடத்தில் மேலே வரிசையாக போல்ட் தெரியும். அங்கே கால் வைத்தால் தாங்கும், மற்ற இடத்தில் உடையும். எங்கள் லைனில் பயமில்லாமல் மேலே ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். மூன்று வீட்டுக்கும் அவரே ஓலை போட்டுவிடுவார்.

மானியச் செய்தியைக் கொண்டுவந்தது ரவிக்குமார். அரசாங்கத்திலிருந்து வந்து கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பலகை பதிப்பார்கள், செலவில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுப்பார்கள் என்றான். ஒரே கூரை என்பதால் மூன்று வீடும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஜினியர் நேரில் வந்து வெறும் கூரையின் சூட்டை அளப்பார். சூடு குறைவாக இருந்தால் மானியம் கிடையாது. அதனால் அவர் வந்து அளக்கும்வரை ஓலை, சாக்கு, சுண்ணாம்பு எதுவும் கூரைமேல் இருக்கக் கூடாது.

அர்ஜுனனுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் மனசில்லை.

“குளுமை பண்ணித் தரேன்றவன், அதுவரைக்கும் வெந்துட்டு இருன்றான். இன்னா திட்டம்டா இது?”

“ஒரு வாரம்ண்ணா. கொழந்தை தலைய பாத்தியா? அதுக்கோசரமாவது.”

குழந்தையின் தலை முழுக்க வேனல்கட்டி. சீழ் வைத்திருந்தது. சில்வெஸ்டர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நாமல்லாம் ரொட்டிப்பா. அடுப்பு சூடா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவான்.”

அர்ஜுனனே மேலே ஏறி, மூன்று வீட்டு ஓலையையும் தள்ளிவிட்டார்.

ஒரு வாரத்தில் இன்ஜினியர் வரவில்லை. தேர்தல் வேலை என்றார்கள். பிறகு பயிற்சி என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. அர்ஜுனன் டியூட்டி முடிந்து வந்து ஈரத் தரையில் படுத்துக் கண்ணை மூடாமல் கிடப்பார். ஒரு நாள் டேபிள் ஃபேனைச் சுவரில் அடித்து நொறுக்கினார். என் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கு என்னை அறைந்தார். கல்யாணமாகி அதுவரை நடக்காதது. அறைந்த பிறகு ஒரு ஈரத் துணியைக் கொண்டுவந்து என் கன்னத்தில் வைத்தார். அந்தத் துணியும் சூடாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரவிக்குமார் தர்ஷினியை அடிக்கும் சத்தம் கேட்கும், கூடவே குழந்தையின் அழுகை. வாசல் நிழலில் படுத்திருந்த நாயின் மீது சில்வெஸ்டர் ஸ்பானரை வீசினார். அது செத்துப்போனது. அவரே அதைப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து அழுதார்.

கடைசியில் அர்ஜுனன் டெக் பார்க் கேட்டில் டியூட்டியில் நின்றபடியே தூங்கிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினான். அன்று வரும்போதே ஒரு வண்டி ஓலையோடு வந்தார். சாப்பிடாமல் ஏணியைப் போட்டு ஏறினார். எங்கள் வீட்டுக்கு மேலே பாதி பரப்பியிருப்பார், ரவிக்குமார் ஓடிவந்து பின்னாலேயே ஏறினான். மேலே பேசுகிற பேச்செல்லாம் ஷீட் வழியாகக் கீழே கேட்கும்.

“நாளைக்கு வராராம்ண்ணா. இப்பதான் போன் வந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன. எறங்குடா.”

ஓலையை இழுக்கும் சத்தம் கேட்டது. முதல் அடி அர்ஜுனனுடையது, வாங்கிக்கொண்டு ரவிக்குமார் அலறியது கேட்டது. அதைப் போலீசிடமும் சொன்னேன், கோர்ட்டிலும் சொன்னேன். பிறகு என் தலைக்கு மேலே நாலு கால்களும் மாறி மாறி மிதித்தன. களைந்த அரிசியில் தூசி கொட்டியது. ஷீட் ஒரு இடத்தில் பட்டென்று விரிசல் விட்டது.

“போல்ட்டு மேல காலு வைடா,” என்று அர்ஜுனன் கத்தினார். “போல்ட்டு மேல.”

அடிக்கிறவனிடம் அப்படிச் சொன்னார். அடுத்து கல் விழுகிற சத்தம், இரண்டு தரம். பிறகுதான் அவர் விழுந்தார்.

ரவிக்குமாரின் ஆட்டோவில்தான் அவரைத் தூக்கிப் போட்டோம். சில்வெஸ்டர் ஓட்டினார். வழியிலேயே உயிர் போய்விட்டது. இன்ஜினியர் மறுநாள் சொன்னபடி வந்தாராம். ஓட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அளக்காமலே போய்விட்டாராம்.

அடுத்த கோடையில் ரவிக்குமார் ஜெயிலில் இருந்தான். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது, கட்டிகளும் திரும்ப வந்திருந்தன. நான் ஓட்டைக்குத் தார்ப்பாய் போட்டு, அதன்மேல் அவர் கடைசியாகப் பரப்பிய ஓலையையே போட்டு வைத்திருந்தேன். கறுத்து மக்கிப்போன ஓலை. யாரையும் தொட விட்டதில்லை.

அப்போது வேறொரு இன்ஜினியர் வந்தார். ஸ்ரீஹர்ஷா என்று பெயர், சின்ன வயது. பழைய விண்ணப்பம் இன்னும் இருக்கிறது, ஓலையை எடுத்தால் அளந்துவிடலாம் என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார். நான் அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தொட்டால் வெட்டுவேன் என்றேன்.

தர்ஷினி குழந்தையைச் சில்வெஸ்டர் மடியில் விட்டுவிட்டுப் பின்பக்கமாக ஏணியில் ஏறினாள். மேலே ஓலை சரசரத்த பிறகுதான் தெரிந்தது. அரிவாள்மனையைப் போட்டுவிட்டு நானும் ஏறினேன். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அவள் என் முழங்கையைக் கடித்தாள், ரத்தம் வந்தது. நான் அவள் முகத்தில் குத்தினேன். ஓலையும் கற்களும் சரிந்து கீழே விழுந்தன. உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தவள் போல்ட் வரிசையைத் தாண்டிவிட்டாள். ஷீட் உடைகிற அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அவள் வலது கால் தொடைவரை உள்ளே போயிற்று. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இடுக்கு வழியாக அவள் வீடு தெரிந்தது, காலியாகத் தொங்கிய தூளி தெரிந்தது. கையை விட எனக்கு ஆசையாக இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், கெஞ்சவில்லை.

“போல்ட்டு மேல காலு வைடீ,” என்றேன். “இன்னொரு காலு. போல்ட்டு மேல.”

வைத்தாள். இழுத்து உட்கார வைத்தேன். கிழிந்த தொடையை என் முந்தானையால் கட்டினேன். இரண்டு பேருக்கும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. கீழே ஸ்ரீஹர்ஷா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், கூரை இப்ப காலியாத்தான் இருக்குது,” என்று சில்வெஸ்டர் சொன்னது கேட்டது. “அளந்துட்டே போங்க. இல்லாட்டி இன்னொருத்தர் செத்தப்புறம்தான் வருவீங்க.”

ஸ்ரீஹர்ஷா வீட்டுக்குள் போய்த் துப்பாக்கி மாதிரி இருந்த கருவியைக் கூரையை நோக்கிப் பிடித்தார். போதுமான சூடு இருந்தது. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது உடைந்த ஷீட்டுகளை மாற்றிப் பலகை பதித்துவிட்டார்கள். வீடு குளிர்ச்சியாக இருக்கிறது. மழை பெய்தால்கூடச் சத்தம் கேட்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை பகலில் வெகுநேரம் தூங்குகிறது. தர்ஷினி காலை இழுத்துக்கொண்டே தண்ணீர் பிடிக்க வருகிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பக்கத்துத் தெருக்களிலிருந்து சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். அந்த மானியத்துக்கு அலைவது பிரயோஜனமா என்று கேட்கிறார்கள். சூடு குறையும் என்று சொல்கிறேன். அளக்கிற ஆள் வந்து ஏணியடியில் நிற்கிறவரை ஓலையை எடுக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.