தண்ணீர் மந்திரியின் ஒரே உத்தரவு

நுவாலேலே என்ற தீவு நாட்டின் நாடாளுமன்றத்தில் மொத்தம் பதினைந்து பேர். அதில் ஏழு பேர் ஏற்கெனவே மந்திரிகள். எட்டாவதாக ஓர் ஆள் சேராவிட்டால் வெள்ளிக்கிழமை ஆட்சி கவிழ்ந்துவிடும் என்ற நிலையில்தான் பிரதமர் நெலேசோனே, ஒரு டின் பிஸ்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செமுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

செமு எதிர்க்கட்சிக்காரன். சரக்குக் கப்பலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மோட்டுலூவா தீவின் உறுப்பினராக வந்தவன். அவன் தீவில் மாதக்கணக்காக மழையில்லை. குடிநீர் ஏற்றி ஒரு கப்பல் அனுப்பச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கத்துவான். மந்திரிகள் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சேப்பா உனக்கு," என்றார் நெலேசோனே. "பேசாம நீயே தண்ணி மந்திரியா இரு. நீயே கப்பல அனுப்பு."

"நெசமாவா ஐயா?"

"கர்த்தர் சாட்சி."

வெள்ளிக்கிழமை செமு எழுந்து ஆளுங்கட்சி வரிசைக்குப் போனான். எதிர்க்கட்சித் தலைவர் பிலோய் சபை அதிரக் கூவினார்: "போடா போ! உனக்குக் கெடைச்சது நாற்காலின்னு நெனைக்காத, தூண்டில் புழு!"

செமுவுக்குக் காது சுட்டது. ஆனால் கப்பல் போனால் போதும் என்று போய் உட்கார்ந்தான்.

முதல் மந்திரிசபைக் கூட்டத்தில் தண்ணீர்ப் பேச்சுதான் முதலில் வரும் என்று நினைத்தான். வந்தது சட்டைப் பேச்சு. அண்டை நாட்டு மாநாட்டுக்கு எல்லா மந்திரிகளும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும், அதில் செம்பருத்தி இருக்க வேண்டுமா ஆமை இருக்க வேண்டுமா என்று மதியம் வரை அடித்துக்கொண்டார்கள். விமானத்துறை மந்திரி தூங்கினார். வாரத்துக்கு இரண்டு விமானம் வரும். மற்ற நாட்களில் ஓடுதளத்தில் ஊர்ப்பிள்ளைகள் பந்து உதைக்கும். அதை இளைஞர் நலத்திட்டம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டவர் அவர். அவருக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழல் மந்திரி. கடல் ஏறி வந்து எங்களை விழுங்கப்போகிறது என்று தேசம் தேசமாகப் போய் அழுபவர். அழப்போன இடங்களில் வாங்கிய சாமான்களை வைக்கவென்றே கடலை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்.

ஆமை ஜெயித்த பிறகு செமு வாயைத் திறந்தான். நிதிமந்திரி கைட்டு கையைத் தட்டினார்.

"தண்ணிய சும்மா அனுப்பக் கூடாது. மந்திரிசபையே கூடப் போவணும். அப்பத்தான் ஜனங்களுக்கு நம்ம அருமை தெரியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். முதன்முதலாக ஒற்றுமை.

புறப்படும் நாளன்று துறைமுகத்துக்குப் போன செமு, கப்பலின் மேல்தளத்தைப் பார்த்துத் திகைத்தான். தண்ணீர்ப் பீப்பாய்கள் எல்லாம் இறங்கிக் கரையில் கிடந்தன. அந்த இடத்தில் மெத்தைகள், பீர்ப் பெட்டிகள், ஒலிபெருக்கி.

"பீப்பா எங்க?"

"அடுத்த நடைல வரும்," என்றார் கைட்டு.

"அப்ப நாம எதுக்குப் போறோம்?"

"தொடங்கி வெக்க."

"எதை?"

"திட்டத்தப்பா! மந்திரியாயிட்டே, இன்னும் இதுகூடத் தெரியலியே."

செமு அப்போதே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஆமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். வழியெல்லாம் மந்திரிகள் கப்பலின் சொந்தத் தொட்டித் தண்ணீரில் காலையும் மாலையும் குளித்தார்கள்.

மோட்டுலூவாவில் சீமைப்பலா மரங்கள் இலை கருகி நின்றன. கிழங்குக் குழிகளில் உப்பு ஏறியிருந்தது. ஆனாலும் ஜனங்கள் பாட்டுப் பாடி, ஓலை மாலை போட்டு வரவேற்றார்கள். பாடும்போது உதடு வெடித்திருந்தது தெரிந்தது. மாலையோடு கடைசியாக வந்தவள் செமுவின் மனைவி லங்கி. அவள் அந்தத் தீவை விட்டு நகராதவள்.

"வாங்க மந்திரி. தண்ணி எங்க?"

"அடுத்த நடைல..."

"எத்தன பேரு வந்திருக்கீங்க?"

"எட்டுப் பேரு."

"எட்டு வாய்க்கும் நாங்க ஊத்தணுமா?" மாலையை அவன் கழுத்தில் போடாமல் கையில் திணித்தாள். "பவுலு வீட்டுக் கைக்குழந்தைக்கு மூணு நாளா வயித்தால போவுது. சேத்தத் துணில வடிகட்டிக் குடிக்கிறோம். சட்டை நல்லாருக்குய்யா. ஆமை நல்லா நீந்துது."

சுற்றியிருந்த பெண்கள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் செமுவைக் கொன்றது.

ஊர்மண்டபத்தில் நெலேசோனே பேச ஆரம்பித்தார். தண்ணீரே உயிர் என்றார். நிறுத்தி, ஓர் இளநீரைக் குடித்தார். அரசாங்கம் உங்கள் தாகத்தை அறியும் என்றார். இன்னொன்று குடித்தார். கொஞ்சம் மிஞ்சியிருந்த தென்னைகளில் பிள்ளைகளுக்காக விட்டுவைத்த இளநீர் அது. செமு பின்பக்கமாக நழுவிப் படகேறிக் கப்பலுக்குப் போனான்.

"தொட்டித் தண்ணியெல்லாம் கரைக்கு எறக்கு," என்றான் கப்பல் தலைவனிடம்.

"யார் உத்தரவு?"

"தண்ணி மந்திரி யாரு?"

"நீங்கதான்."

"அப்பறம் என்ன கேள்வி? திரும்பிப் போற வரைக்கும் மாலுமிங்களுக்குக் குடிக்க மட்டும் வெச்சுக்க."

மண்டபத்தில் பேச்சும் ஆட்டமும் நடந்து முடியும்வரை, ஊரில் காலியாகக் கிடந்த பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு படகு போய்ப் போய் வந்தது. லங்கியும் பெண்களும் இடுப்பளவு கடலில் நின்று, நிரம்பி வந்த பீப்பாய்களை வாங்கினார்கள். செமு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர்களோடு உருட்டினான். ஒருமுறை அவன் கால் வழுக்கியபோது, லங்கி முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரும்பும் வழியில் தலை நிறையச் சோப்பு நுரையோடு கைட்டு குளியலறையிலிருந்து அலறினார். கண்ணைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டே வெளியே வந்தார். ஆட்சிக்கு வந்த இத்தனை வருடத்தில் மந்திரிசபை அவசரமாகக் கூடியது அன்றுதான்.

"யாரக் கேட்டுச் செஞ்ச?" என்றார் நெலேசோனே.

"ஊரக் கேட்டேன்."

"நான் பிரதமர்டா! என்னக் கேட்டியா?"

"நீங்க எளநி குடிச்சிக்கிட்டு இருந்தீங்கய்யா. தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்."

கப்பல் கரை தொடுமுன்பே அவன் பதவி போயிற்று. அடுத்த கூட்டத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. செமு கையைத் தூக்கினான், ஆட்சி கவிழ்ந்தது. மதியத்துக்குள் பிலோய் பிரதமரானார். சாயங்காலம் வானொலியில் புதிய மந்திரிசபையை வாசித்தார்கள்: நிதி, கைட்டு. விமானம், அதே தூக்கக்காரர். வெளியுறவு, நெலேசோனே. மீதிப்பேர் எல்லாம் நாட்டு ஒற்றுமைக்காக ஆளுங்கட்சி வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். செமு பெயர் எங்கும் இல்லை.

மோட்டுலூவாவில் இறக்கிய தண்ணீர் மழைவரை தாங்கவில்லை. ஆனால் பவுலு வீட்டுக் குழந்தை பிழைத்துக்கொண்டது. மழையும் பிறகு வந்தது, யாரும் தொடங்கி வைக்காமலே.

அடுத்த கூட்டத்தன்று சபை வாசலில் நெலேசோனே செமுவின் தோளில் கை போட்டார்.

"எதுக்குப்பா பகை? நீயும் இந்தப் பக்கம் வந்துடேன். ஒத்த ஆளா அங்க ஒக்காந்திருக்கறது பாக்கவே நல்லால்ல."

"பாக்கக் கஷ்டமா இருந்தா கண்ண மூடிக்குங்க ஐயா. ஒங்காளுங்க பாதிப்பேரு அப்படித்தானே இருக்காங்க."

கையை எடுத்து விலக்கிவிட்டு உள்ளே போனான். எதிர்வரிசை முழுக்கக் காலி. நடு நாற்காலியாகப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தான். சபாநாயகர் மணியடித்ததும் முதல் ஆளாக எழுந்து, மோட்டுலூவாவுக்கு மழைநீர் பிடிக்க ஒரு நல்ல தொட்டி கேட்டான்.