ஓடைப் புழுக்களுக்கு எசென்பாய் வைத்த விருந்து

தன் ஓடைப் புழுக்கள் சம்பந்தி தொக்தொசுனின் ஓடைப் புழுக்களைவிட அதிகம் தின்னும் என்று எசென்பாய் வாயை விட்டு, பந்தயமும் கட்டிவிட்டார். தோற்றவர், நடக்கத் தொடங்கும் பேரனின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்தில், மூத்த விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் ஆட்டுத்தலையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தாத்தா இரண்டு, தலை ஒன்று. வேறு எப்படித் தீர்ப்பது?

ஓஷ் பல்கலைக்கழகத்தில் ஓடைகளை ஆராயும் பெர்மெத், இலையுதிர்காலத்தில் இருவர் ஓடையிலும் வலைப்பைகளில் வில்லோ மரத்து இலைகளை அடைத்துக் கல்லோடு கட்டிப் போட்டிருந்தாள். பனி உருகும்முன் வந்து புழுக்கள் எவ்வளவு தின்றன என்று பார்ப்பாளாம். “யாரும் தொடக்கூடாது மாமா,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எசென்பாயின் கை சும்மா இருக்குமா? சில நாளில் பையைத் தூக்கிப் பார்த்தார். இலைகள் கறுத்து, வழவழவென்று, ஊசிப்போன வாடை. வந்தவருக்கு நேற்றைய ரொட்டியை வைக்காமல், புதிதாகச் சுட்டே வைக்கும் வீடு அவருடையது. மானமே போனதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொட்டகையில் சேர்த்திருந்த மஞ்சள் இலைகளை அலசி நிரப்பினார். குளிர்காலம் முழுக்க இதே பிழைப்பு.

“எங்கண்ணன் வந்தப்ப ஆறின டீயைக் குடுத்த மனுசன், புழுவுக்கு இவ்ளோ உபசாரமா?” என்றாள் மனைவி ஜிபார்.

“உங்கண்ணன் தின்னா எனக்கு ஆட்டுத்தலை கெடைக்குமா?”

தொக்தொசுனோ பை கிடந்த இடத்தையே மறந்து, அடுப்போரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெர்மெத் வந்தாள். தொக்தொசுனின் பையில் இலை நரம்புகளும் கொழுத்த புழுக்களும்தான் மிச்சம். எசென்பாயின் பையில் இலைகள் பளபளவென்று முழுசாக இருந்தன. ஒரு கடிகூட இல்லை.

“மாத்தினீங்களா மாமா?”

“கெட்டுப்போச்சேம்மா. விருந்தாளிக்கு அதை எப்படி வைக்கிறது?”

“பூஞ்சை படிஞ்சு ஊறினாத்தான் அதுங்களுக்கு ருசி. சமையல் முடியிறப்பல்லாம் சட்டியைக் கவுத்திருக்கீங்க.”

“அப்ப குளிர் பூரா பட்டினியா?”

“இல்ல, ஓடையில கெடந்த குப்பையை நல்லாத் தின்னிருக்கு. உங்க விருந்தைத்தான் சீண்டல.”

பட்டினி என்றிருந்தால்கூட அவருக்கு மனசு இவ்வளவு வலித்திருக்காது.

விருந்தன்று கூடாரத்தில் ஆட்டுத்தலை தொக்தொசுனின் முன் வந்தது. தொக்தொசுன் ஆற அமரக் கத்தியை எடுத்து ஒரு காதை அறுத்தார். பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்று காதைப் பிள்ளைகளுக்குத் தருவது வழக்கம். பொடிசுகள் கை நீட்டின. தொக்தொசுன் அதை எசென்பாயின் தட்டில் வைத்தார்.

“தின்னுங்க சம்பந்தி.”

கூடாரமே சிரித்தது. எசென்பாய் காதை எடுத்து மென்றார்.

“அந்த இன்னொரு காதையும் குடுத்திருங்க,” என்றாள் ஜிபார். “இவருக்கு ஒண்ணு பத்தாது.”