செவலைக்கு ஒரு தங்கச்சி

ஹெப்பாளில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரு செவலை நாய் என் கெண்டைக்காலைக் கடித்தது. என் மனைவி ஜேன் நர்ஸ். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றதும் எனக்கு அறிவு பெருகிவிட்டது. பத்து நாள் நாய் நன்றாக இருந்தால் ஊசியே வேண்டாமாம்; பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

"ஊசின்னா வலியோட போகும். வெறிநாய்க்கடி நோய் வந்தா ஆளே போயிடும்ங்க," என்றாள் ஜேன்.

நாயைக் கண்காணிக்கப்போவதாக அறிவித்தேன். தொழிற்சாலையில் என் வேலை தரப் பரிசோதனை. ஒரு போல்ட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவான் இந்த இஸ்ரவேல் என்று எனக்குப் பெயர்.

தினமும் அதே பஸ் ஸ்டாப்பில், கெம்பையன் டீக்கடை முன்னால் நாய்க்கு பன் போட்டேன். தின்றால், நடிக்கிறதோ என்றிருந்தது. தின்னாவிட்டால், தீர்ந்தது கதை என்றிருந்தது. குனிந்து அதன் வாயோரத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. தண்ணீர் குடித்தால் எனக்கே தொண்டை அடைத்தது.

கெம்பையன் வேறு தன் கன்னடத் தமிழில் கேட்டான்: "உங்களக் கடிச்சது இதுவா சார், இதோட தங்கச்சியா? ரெண்டும் ஒந்தே தரா, ஒரே மாதிரி இருக்கும், அல்லவா?"

யோசித்து, கடித்தது இதுதான் என்று முடிவு செய்தேன். காரணம், இது நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் நாயைக் காணோம். கெம்பையன் என் முகத்தைப் பார்க்காமல், கெட்டிலைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்றான். சந்துசந்தாகத் தேடினேன், சாக்கடைக்குள்ளும் எட்டிப்பார்த்தேன். அப்புறம் நேரே ஆஸ்பத்திரிதான். டாக்டர் சொல்வதற்குள் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டேன்.

வயிற்றைப் பிடித்தபடி திரும்பும்போது டீக்கடை விறகுக் கொட்டகையில் குரைப்புச் சத்தம். செவலைதான். கழுத்தில் கட்டியிருந்தது ஜேனுடைய பழைய சேலைக் கரை.

"உங்க வீட்டு அக்காதான் கட்டி வைக்கச் சொன்னாங்க சார்," என்றான் கெம்பையன்.

ஊரையே சந்தேகப்பட்டவன் அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

வீட்டில் கேட்டதற்கு, "நாய் செத்தாத்தான் நீங்க அசைவீங்க. அதுக்காக அதக் கொல்ல முடியுமா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு, நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

பத்தாம் நாளும் செவலை வாலாட்டியது. ஆனாலும் மிச்ச ஊசிகளையும் போட்டுக்கொண்டு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இப்போதெல்லாம் செவலைக்கு ஒன்று, அதன் தங்கச்சிக்கு ஒன்று என்று இரண்டு பன் வாங்குகிறேன். தங்கச்சியை இன்னும் பார்க்கவில்லை.