ஞாயிற்றுக்கிழமை உலை

வேப்பமரத்தடியில் பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கை ஓடிய வேகத்தைவிட வாய் ஓடிய வேகம் அதிகம். பேச்செல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஊர்க் கமிட்டிக்குத் தலைவர் தேர்தல். இந்த முறை மரிய செல்வி நிற்கிறாள்.

ஆவூருக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர் அது. மாதா கோயிலைச் சுற்றித்தான் வீடுகள். கமிட்டித் தேர்தலில் ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்று மேலிடத்து உத்தரவைப் பங்குச் சாமியார் வாசித்து வருடக்கணக்காகிறது. ஆனாலும் ஒரு பெண்ணும் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. தடுத்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. பூசை முடிந்ததும் புருஷன் கறிப்பையைக் கையில் கொடுப்பான், அவள் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள், கறி வேகிற நேரத்துக்குள் இங்கே தேர்தல் முடிந்துவிடும். "கூப்பிட்டோம் சாமி, அவுங்க வரலியே" என்று தலைவர் ஞானாதிக்கம் ஒவ்வொரு முறையும் கையை விரிப்பார்.

மரிய செல்விக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது. அவளுக்கு வேண்டியது கோயில் மோட்டார் ரூம் சாவி. அது தலைவரிடம் இருக்கும். ஞானாதிக்கம் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மேய்ந்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஆற அமர வந்துதான் மோட்டார் போடுவார். அது ஓடுகிற வரைக்கும்தான் குழாயில் தண்ணீர். அந்நேரம் ஊர்ப் பெண்களெல்லாம் காட்டில் குனிந்து நிற்பார்கள். சாயங்காலம் திரும்பி வந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அப்புறம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். இனிமேல் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். டாக்டர் சொன்னார் என்பதற்காகத் தண்ணீர் தானாக நடந்து வருமா? விடியற்காலை அஞ்சு மணிக்கு மோட்டார் ஓட வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறாள்.

"ஒங்களுக்குக் கை தூக்க எனக்கு ஆசைதான்க்கா" என்றாள் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் சோபியா. லீவு நாளில் அவளும் கடலை ஆய வருவாள். "ஆனா எங்க வீட்டு ஆளு கறிப்பையக் குடுத்து வெரட்டுனா என்ன பண்றது?"

"பைய வாங்கிக்க. வீட்டுக்குக் கொண்டு போகாத, அங்கனயே வையி."

"அங்கன வச்சு?"

"அங்கனயே அடுப்ப மூட்டுவோம். ஊருக்கே ஒரே ஒலை. ஒலையும் கொதிக்கும், நம்ம ஓட்டும் விழும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

மரிய செல்வியின் புருஷன் ஆரோக்கியமுத்து கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் ஊர் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டான்.

"பொம்பள தலைவருக்கு நின்னா ஊரு சிரிக்காதா?" என்று கேட்டான்.

"சிரிக்கட்டுமே. நல்லதுதான?"

"என் கை ஞானாதிக்கம் அண்ணனுக்குத்தான் தூக்கும். சொல்லிப்புட்டேன்."

"தூக்குங்க. ஒங்க கை ஒங்க இஷ்டம், என் கை என் இஷ்டம்" என்றபடி அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகம் மார்த்தாவும் மரியாவும். ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது மார்த்தா அடுப்படியில் அலைந்தாள், மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள், அவளே நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பூசை முடிந்து வெளியே வந்தவரை சோபியா வழிமறித்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். மார்த்தாவும் உக்காந்து கேட்டிருந்தா, அன்னிக்கு ஆண்டவருக்குச் சோறு யாரு ஆக்கியிருப்பா?"

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் சொல்றேம்மா."

"அதுக்கு நாங்க இன்னிக்கே ஒரு வழி வச்சிருக்கோம் சாமி. அடுப்புக்கு எடம் மட்டும் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியதுதான் தாமதம், கல்லும் விறகும் அண்டாவும் எங்கிருந்தோ வந்து இறங்கின. கறிப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வீட்டுக்குப் போ என்று சொல்ல வந்த புருஷன்மார்கள் கறி கண்ணெதிரே கழுவப்படுவதைப் பார்த்து மைதானத்து ஓரமாக ஒதுங்கினார்கள். பூசை முடிந்ததும் ஞானாதிக்கம் போட்ட மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் குடங்களை நிரப்பிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஞானாதிக்கம் மோட்டாரை நிறுத்தி, ரூமைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு வந்தார்.

"என்ன சாமி இது, திருவிழாவா? பொம்பளைங்க சபையில பேசப்படாதுன்னு வேதத்துல சின்னப்பரே எழுதியிருக்காரு."

"நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்ணே" என்றாள் மரிய செல்வி. "கையத்தான் தூக்குவோம்."

மைதானம் குலுங்கிச் சிரித்தது. ஞானாதிக்கமும் விடுகிற ஆள் இல்லை. "சரி, எல்லாரும் பாக்கத்தான் தூக்கணும்" என்று சொல்லிவிட்டுப் புருஷன்மார்களை ஒரு சுற்றுப் பார்த்தார். யார் பொண்டாட்டி தூக்குகிறாள் என்று அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற அந்தப் பார்வை எல்லாருக்கும் புரிந்தது.

முதலில் அவருக்கு. ஆண்கள் கை மளமளவென்று உயர்ந்தது, ஆரோக்கியமுத்துவின் கையும்தான். அடுத்து மரிய செல்வி பெயரைச் சாமியார் சொன்னார். ஒரு கையும் எழவில்லை. அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மரிய செல்வி பெண்கள் பக்கம் திரும்பினாள்.

அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த லூர்தம்மாள்தான் முதலில் கையைத் தூக்கினாள். ஞானாதிக்கத்தின் சொந்த மனைவி. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"ஏண்டி, அழுதுக்கிட்டே தூக்குறியா?" என்றார் அவர்.

"வெங்காயம். நீங்க எண்ணுங்க."

அவ்வளவுதான். மஞ்சள் கை, மசாலாக் கை, கரண்டி பிடித்த கை எல்லாம் எழுந்தன. பாதி ஆண்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற ஊரில் அதை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. மரிய செல்வி ஜெயித்துவிட்டாள். பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னமெல்லாம் மஞ்சளாக்கினார்கள். வெடி வெடித்தது, கொட்டு முழங்கியது, ஆண்களும் கைதட்டினார்கள்.

பழைய தலைவர் புதுத் தலைவருக்குச் சால்வை போர்த்திச் சாவியைக் கொடுப்பது ஊர் வழக்கம். ஞானாதிக்கம் தோற்றாலும் பெருந்தன்மையாகச் சால்வையை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு நான் எப்புடிப் போத்துறது? ஏப்பா ஆரோக்கியம், இங்கிட்டு வா."

சால்வை ஆரோக்கியமுத்துவின் தோளில் விழுந்தது. சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது. இளவட்டங்கள் அவனை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். மேலே உட்கார்ந்து அவன் எல்லாருக்கும் கும்பிடு போட்டான். கொட்டு தெருவுக்குள் நகர்ந்தது.

"ஏங்க, சாவி! சாவியக் குடுத்துட்டுப் போங்க!" என்று மரிய செல்வி கத்தினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினான்.

"ஏய், அடிப்பிடிக்குதுடி! தண்ணி கொண்டாங்க!" என்று லூர்தம்மாள் அண்டாப் பக்கமிருந்து கூவினாள். குடமெல்லாம் காலி. சோபியா ஓடிப்போய்க் குழாயைத் திருகினாள். காற்று வந்தது.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மரிய செல்விதான் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு குடத்தை எடுத்தார்கள். மரிய செல்வி கையில் இருந்த குடத்தைப் பிடுங்கப் பார்த்த சோபியாவால் முடியவில்லை.

"சரி, தலைவரு முன்னால நடக்கட்டும்" என்றாள் சோபியா.

மரிய செல்வி குடத்தை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுப் பாதையில் முன்னால் நடந்தாள். ஊருக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.