மாஸ்டர் விட்ட மீன்

அட்மிரல் கடற்படையில் இருந்தவர் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியில் ஏறினாலும் முன்னால் நின்று விரலை நீட்டி வழி சொல்வார் என்பதால் அந்தப் பட்டம். அன்று அவருக்கு உண்மையாகவே ஒரு படகு கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா?

"லைட் டாக்கிள்னா என்னன்னு தெரியுமாப்பா?" என்று, அதையே தொழிலாகச் செய்யும் மீன்பிடி கைடிடம் கேட்டார்.

கைடு வாயில் பிஸ்கட்டோடு, "சொல்லுங்க சார், தெரிஞ்சுக்கிறேன்" என்றார்.

மெல்லிய தூண்டில் கம்பு, மெல்லிய நரம்பு, கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர். மீன் ஓடும்போது ஓடவிட வேண்டும், நிற்கும்போது சுற்ற வேண்டும், முரட்டுத்தனம் செய்தால் நரம்பு அறும். இவ்வளவுதான் சங்கதி. அட்மிரல் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கழிமுகத்தையே தாண்டிவிட்டோம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நான் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அம்மாளை ஊரில் யாரும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருடைய இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலுக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை. வாய் இரண்டு பங்கு வேலை செய்தது.

ஸ்கூலை விற்றுவிட மாஸ்டரின் தம்பி ஆள் பிடித்து வைத்திருந்தான். திங்கட்கிழமை அந்த ஆள் வருகிறான். அதற்குள் அக்காவைச் சரிக்கட்டும் பொறுப்பு, அவருடைய பழைய சிநேகிதர்களான எங்களுடையது. "காத்து வாங்கின மாதிரியும் ஆச்சு, பேசின மாதிரியும் ஆச்சு" என்பது அட்மிரலின் போர்த்திட்டம். நானும் மண்டையை ஆட்டியிருந்தேன். திட்டம் மாஸ்டருக்கும் தெரியும். தம்பி வாயில் எதுவும் தங்காது.

"எந்தக் கை அக்கா சரியில்ல?" என்று கைடு பளிச்சென்று கேட்டார். மற்றவர்களெல்லாம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம்.

"இடது."

கைடு நரம்பு சுற்றும் ரீலின் கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார். கம்பின் அடியை மாஸ்டரின் இடது அக்குளில் செருகிவிட்டு அடுத்த பிஸ்கட்டுக்குப் போனார்.

முதல் மீன் கடித்ததும் அட்மிரல் பாய்ந்து கம்பைப் பிடுங்கி, தானே சுற்றி, உள்ளங்கை நீளத்தில் ஒன்றைத் தூக்கினார். "மாஸ்டர் பிடிச்ச மீன்!" என்று அறிவித்து அதோடு தன்னைப் படமெடுக்கச் சொன்னார். படத்தில் மாஸ்டரின் தோள் மட்டும் விழுந்தது. மாஸ்டர் கம்பைத் திரும்ப வாங்கி அக்குளில் செருகிக்கொண்டார்.

பிறகு, நேரம் பார்த்து அட்மிரல் தொடங்கினார். "உன் நல்லதுக்குச் சொல்றேன். எதுக்கு இந்த வயசுல லோல்படணும்? குடுத்துட்டு நிம்மதியா உட்காரு."

"எங்க உட்கார?"

"வீட்டுலதான்."

மாஸ்டர் வாயைத் திறந்தபோது ரீல் கிறீச்சிட்டது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. தூரத்தில் ஒரு கொடுவா எம்பி, தலையை உதறிவிட்டு விழுந்தது. பெரிய மீன். கைடு மெல்லுவதை நிறுத்தினார்.

"குடு! குடு! உன்னால முடியாது!" அட்மிரல் கை நீண்டது.

"கையை எடு."

"அறுந்துடும் மாஸ்டர்!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது, எடுய்யா கையை!" வலது முழங்கை அட்மிரலின் விலாவில் சரியாக இறங்கியது. "அடுத்தவன் வண்டியில பிரேக் மேல கால வெச்சே வயசு போச்சு எனக்கு. இப்ப என் உடம்புல ஊரே பிரேக் மிதிக்குது!"

"சார், வேற ஆள் கை பட்டா அது அக்கா பிடிச்ச மீன் இல்ல" என்றார் கைடு.

மீன் ஓடியது, மாஸ்டர் விட்டார். நின்றது, சுற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்க இன்னொரு கை இல்லை. துடைத்துவிட நான் எழுந்தேன். ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

படகருகே வெள்ளி வயிறு தெரிந்தது. மீன் சட்டென்று எங்களை நோக்கியே திரும்பிப் பாய்ந்தது. மாஸ்டர் சுற்றினார், வேகம் போதவில்லை. நரம்பு தொய்ந்தது. ஒரே உதறல். வெறும் கொக்கி மட்டும் திரும்பி வந்தது.

"பார்த்தியா!" அட்மிரல் குரலில் துக்கத்தைவிட ஆனந்தம் அதிகம். "என்கிட்ட குடுத்திருந்தா?"

"யார் விட்டது?"

"நீதான்!"

"இன்னொரு தடவ சொல்லு."

"நீதான் மாஸ்டர் விட்ட!"

"அப்படிச் சொல்லு." மூச்சிரைக்க மாஸ்டர் சிரித்தார். படுக்கையிலிருந்து எழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "தம்பிக்குப் போன் போடு."

அட்மிரல் போட்டார். ஸ்பீக்கரில் தம்பி, "அக்கா, மனசு மாறிச்சா?" என்றான்.

"நல்ல மீன் ஒண்ண விட்டுட்டேன்டா."

"ஐயோ! அதுக்குத்தான் சொல்றேன், உன்னால..."

"திங்கட்கிழமை அந்த ஆள வரச்சொல்லாதே. பிரேக் மிதிக்கக் கால் இருக்கு, திட்ட வாய் இருக்கு. வேற எதைக் கொண்டு சொல்லித்தந்தேன் நான்? ஸ்கூல் நொடிச்சுப்போனாலும் நான் நடத்தி நொடிச்சதா இருக்கட்டும். நீ குறுக்க வராதே."

மறுமுனையில் தம்பி 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே மாஸ்டர் கைபேசியை அணைத்துவிட்டார்.

கைடு இறால் டப்பாவை நீட்டினார். மாஸ்டர் கொக்கியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, ஒற்றைக் கையால் இறாலைக் கோர்க்கப் பார்த்தார். முதல் இறால் வழுக்கிக் கடலுக்குப் போனது. அடுத்ததில் விரலில் குத்திக்கொண்டு, அச்சிடத் தகாத ஒரு வார்த்தை சொன்னார். அட்மிரலின் கைகள் பாதி வழி நீண்டு திரும்பின. தொடைக்கடியில் அவற்றைச் செருகி மேலே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் மாஸ்டர்?"

"ஆகுற நேரம்."

மூன்று பேரும் காத்திருந்தோம்.