அக்கா எழுதிய பேச்சுகள்

என் அத்தான் பதினெட்டு வருடம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதற்கு முன்பும் பின்பும் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்றார். முதுகுக்குப் பின்னால் ஊர் அவரை ‘மைக்’ என்றுதான் சொல்லும். புதுக் குழாய் திறந்தாலும் பேசுவார், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் பேசுவார். தண்ணீர் வராத பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். இவருக்கு வாய் மட்டும்தான் சொந்தம். அதிலிருந்து வந்த சொல்லெல்லாம் என் அக்காவுடையது. ஆணி நிறுத்துக் கொடுத்த கையோடு, தராசுக்குப் பக்கத்திலேயே தாளை வைத்து எழுதுவாள். சாவு வீட்டில் பேசுவதில் அத்தான் மன்னன் என்று பெயர். முடிக்கும்போது கைக்குட்டையால் கண்ணை ஒற்றுவார். எந்த வரியில் ஒற்ற வேண்டும் என்பதையும் அக்காதான் ஓரத்தில் குறித்திருப்பாள்.

வயிற்றில் கட்டி வந்து அவள் படுத்தாள். பார்க்க வருகிறவர்களிடம் அத்தான் தன் சாலைத் திட்டத்தை விளக்கினார். கடைசி வாரத்தில் ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்டி. நான் போனதும் அவரு என்னைப் பத்திப் பேசக்கூடாது.”

“ஏன்க்கா?”

“ஊர்ல எல்லாருக்கும் என் வார்த்தையிலதான் அழுதாரு. எனக்கும் நானே எழுதி வெச்சுட்டுப் போகணுமா?” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “பேச விடாதே. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

அவள் போன அன்று காலை எட்டு மணிக்கே வாசலில் ஒலிபெருக்கி வந்து இறங்கிவிட்டது. அவளைக் கிடத்த இன்னும் இடம் ஒதுக்கவில்லை. மைக்குக்கு ஒதுக்கியாயிற்று.

“அத்தான், வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா அவ.”

“நோவுல ஏதாவது உளறியிருப்பா. தலைவன் வீட்டுச் சாவுல தலைவன் பேசலைன்னா ஊரு என்ன சொல்லும்?” குரலைத் தாழ்த்தினார். “நீயும் படிச்சவதானேம்மா. நாலு வரி எழுதிக் கொடேன்.”

“முப்பத்தோரு வருஷம் அவகூட இருந்தீங்க. நாலு வரி உங்ககிட்ட இல்லையா?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம். பிறகு முன்பக்கம் இருந்த கடைக்குள் போய் மேசை இழுப்பறையைக் குடைந்து, ஒரு தாளோடு வந்து மைக்கின் முன் நின்றார்.

“கள்ளங்கபடமற்ற உள்ளம். அளந்து கொடுத்த மரத்தில் அரை அங்குலம் குறைத்தறியாத கை...”

போன மழைக்காலத்தில் இறந்த மரக்கடைக்காரருக்கு அக்கா எழுதியது அது. கூட்டத்தில் இருந்த மரக்கடைக்காரரின் மகன் தலையை நிமிர்த்தினான். யாரோ இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தானுக்கு எதுவும் உறைக்கவில்லை. தன் குரலைத் தவிர வேறொன்றையும் கேட்டுப் பழகாத காது.

“இன்று தம் அருமை மனைவியையும் மக்களையும் தவிக்கவிட்டு...”

அந்த இடத்தில் கைக்குட்டையை எடுத்தார்.

கொடுத்த சத்தியத்தில் பாதி போய்விட்டது. மீதியையாவது காப்பாற்ற வேண்டும். உள்ளே போய், சுவரில் இருந்த ஒலிபெருக்கி பிளக்கைப் பிடுங்கினேன்.

திரும்பி வந்தபோதும் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் குரல் வெளியே போகவில்லை என்று தெரிந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“கரண்ட் போயிடுச்சா?”

“ஆமா அத்தான்,” என்றேன்.

அவர் தலைக்கு மேலே, வாசல் பந்தலில் கட்டிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே அண்ணாந்து அதைப் பார்த்தது. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஒதுங்கி நின்றார். நாங்கள் அக்காவைத் தூக்கினோம்.