அடுப்படியில் கேட்ட நாடகம்

கல்யாண வாழ்க்கையைப் பற்றி தர்மராஜிடம் யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். புதிதாகக் கல்யாணமான பையன்களைக் கண்டால், "நானும் புஷ்பாவும் செவ்வாக்கெழமயானா ஒண்ணா நாடகம் பாப்போம். ஒரு வாரம் விட்டதில்ல" என்று ஆரம்பித்துவிடுவார். அவர்களின் முதல் நாலு வருடத்தில் தொலைக்காட்சியில் வந்த குடும்பக் காமெடி அது. அவருக்கு அதுதான் தேனிலவு.

அந்த நாடகத்தில் அம்பலவாணன் என்று ஒரு கணவர். நாற்காலியை விட்டு எழமாட்டார். "மரகதம், காபி!" என்று வீடு அதிரக் கத்துவார். மரகதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். அதே ராகத்தில் தர்மராஜும் "புஷ்பா, தோச!" என்று கத்துவார். அதைப் பிரியம் என்றுதான் அவர் மனதார நம்பியிருந்தார்.

திருச்சியில் வேலை பார்க்கும் மகள் வினோதினி, விடுமுறைக்கு வந்தவள், அந்தப் பழைய நாடகத்தை யூடியூபில் தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் போட்டாள். தர்மராஜ் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, வசனங்களை ஒரு நொடி முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். வினோதினிக்குப் பாதியிலேயே எரிச்சல். இந்த மரகதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். அந்தக் காலம் அப்படி, கடைசியில் ஜெயிப்பதெல்லாம் மரகதம்தானே என்றார் தர்மராஜ். அதுவும் உண்மைதான். மரகதத்தின் மூளைக்கு முன்னால் அம்பலவாணன் ஒருநாளும் தேறியதில்லை.

ஒரு கையில் தோசைத் தட்டும் மறுகையில் கரண்டியுமாக வந்த புஷ்பவல்லி டிவியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாருங்க இந்தக் குட்டையான ஆளு?"

"என்னம்மா, அவர்தான் அம்பலவாணன்" என்றாள் வினோதினி.

"இவரா? கொரலக் கேட்டு ஆறடி ஆளு, பெரிய மீசன்னுல்ல நெனச்சிருந்தேன். இவருக்கா அந்தப் பொண்ணு அம்புட்டு பயந்துச்சு?"

வினோதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தர்மராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ பாத்ததில்லயா புஷ்பா?"

"கேட்டிருக்கேன்" என்றாள் புஷ்பவல்லி, குறை சொல்லும் தொனியே இல்லாமல். அப்போது வீட்டில் ஏழு பேர். நாடகத்தின் பாட்டு ஆரம்பிக்கும்போதுதான் தோசைக்கல் காயும். எல்லோருக்கும் ஊற்றி முடிப்பதற்குள் செய்தி வந்துவிடும். "நீங்கல்லாம் சிரிப்பீங்க. என்னாச்சுன்னு கேப்பேன். ஒண்ணுமில்ல, தோசையக் கொண்டாம்பீங்க."

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட நாலு வருடம், அவள் பார்க்காத நாடகமாகிப் போனது.

அவளிடமிருந்து தட்டை வாங்கி வைத்துவிட்டு எழுந்தார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தன் நாற்காலியைக் காட்டினார். "இத ஒக்காந்து பாரு. மொதல்லேருந்து போடச் சொல்லு."

புஷ்பவல்லி பதறிப்போனாள். கல்லில் ஒட்டிக்கொள்ளும், மாவு வீணாகும், பக்கத்து வீட்டு தேவயானி பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அடுக்கினாள். அவர் காதில் வாங்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அவள் தாசில்தார் ஆபீசில் மனு கொடுக்க வந்தவளைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

முதல் தோசை ஒட்டிக்கொண்டது. கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டதும் அவள் எழப்போனாள். வினோதினி தோளைப் பிடித்து அழுத்தினாள். இரண்டாவது தோசை இலங்கை வரைபடம் போல வந்தது. மூன்றாவது பரவாயில்லை. வியர்வையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே தர்மராஜ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து டிவியின் ஓரம்கூடத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமாக இருக்கிற வீட்டில் இது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

ஒரு கட்டத்தில் வசனம் நின்று வெறும் இசை ஓடியது. கூடத்தில் தாயும் மகளும் திடீரென்று வெடித்துச் சிரித்தார்கள். புஷ்பவல்லி இப்படிக் குலுங்கிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. என்ன காட்சி அது? மண்டையைக் குடைந்துகொண்டார். வசனம் முழுக்க மனப்பாடம், இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால் கல்லில் மாவு வெந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு புஷ்பா?" என்று குரல் கொடுத்தார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லங்க. நீங்க தோசையக் கொண்டாங்க."